32 வயது வரை எந்தப் பிரீமியர் லீக் கிளப்பும் வாங்காத முன்கள வீரர்: ரிக்கி லாம்பர்ட்டின் ஆட்ட வாழ்க்கை பற்றி ஓர் ஆய்வு

ரிக்கி லாம்பர்ட் 1999 முதல் 2017 வரை இங்கிலாந்து லீக் கால்பந்தில் 606 ஆட்டங்கள் ஆடி 217 கோல் அடித்தார். அவற்றில் 44 கோல்கள் நான்காம் அடுக்கிலும் 112 கோல்கள் மூன்றாம் அடுக்கிலும் வந்தவை. இரண்டாம் அடுக்கில் 31 கோல்களும், உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கில் 30 கோல்களும் அவர் கணக்கில் உள்ளன. 29 வயது வரை மூன்றாம் அடுக்கைத் தாண்டி ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாத இவர், 31ஆம் வயதில் இங்கிலாந்து தேசிய அணிக்காக வெம்ப்ளி மைதானத்தில் இறங்கி, பந்தைத் தொட்ட முதல் தொடுதலிலேயே கோல் அடித்தார்.

விடாமுயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்றே இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. விடாமுயற்சி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி மறைந்துபோகிறது. 2014ஆம் ஆண்டு கோடை வரை, அதாவது அவருக்கு 32 வயது ஆகும் வரை, எந்தப் பிரீமியர் லீக் கிளப்பும் லாம்பர்ட்டை விலை கொடுத்து வாங்கவில்லை. தன்னை மூன்றாம் அடுக்கில் வாங்கிய ஒரு கிளப்போடு சேர்ந்து படிப்படியாக ஏறித்தான் அவர் உச்ச அடுக்கை அடைந்தார். ஒரு வீரரின் திறமையை மேலடுக்குக் கிளப்புகள் ஏன் காணவில்லை என்பதும், அவரை முழு ஆட்டக்காரராக ஆக்கியது எது என்பதும், கடைசியில் ஒரு பெரிய கிளப் வாங்கியபோது அந்த ஆட்டம் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும்தான் இந்த ஆய்வின் கேள்விகள்.

இங்கிலாந்து லீக் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள் உள்ளன. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்ற மூன்று அடுக்குகளில் தலா 24 கிளப்புகள் ஆடுகின்றன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மேலிடம் பிடித்தவை ஒரு படி ஏறும், கடைசியில் நின்றவை ஒரு படி இறங்கும். லீக் ஒன், லீக் டூ என்ற பெயர்கள் 2004இல் வந்தவை என்பதால், குழப்பம் வராமலிருக்க இங்கே முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் அடுக்கு என்றே பெரும்பாலும் குறிப்பிடுகிறேன்.

கழித்துவிடப்பட்ட சிறுவன்

லாம்பர்ட் 1982 பிப்ரவரி 16 அன்று லிவர்பூலை ஒட்டியுள்ள கிர்க்பியில் பிறந்தார். கால்பந்தைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊர் அது. பத்து வயதில் லிவர்பூல் கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். பதினைந்து வயதில் தேவையில்லை என்று அனுப்பப்பட்டார். அந்த வயதில் கழித்துவிடப்படும் சிறுவர்களில் பெரும்பாலோர் அதன்பின் தொழில்முறை ஆட்டத்தின் பக்கமே வருவதில்லை. லாம்பர்ட் பிளாக்பூல் கிளப்பில் இடம் பிடித்து, 1999இல் முதல் அணியிலும் இறங்கினார். ஆனால் மூன்று லீக் ஆட்டங்களோடு அந்த வாய்ப்பும் முடிந்தது. 2000ஆம் ஆண்டில் பிளாக்பூல் அவரை விடுவித்தபோது அவருக்கு 18 வயது.

அடுத்த சில மாதங்கள் எந்தக் கிளப்பும் இல்லை. பீட்ரூட்டை ஜாடிகளில் அடைத்து விற்கும் ஒரு தொழிற்சாலையில், ஜாடிகளுக்கு மூடி திருகும் வேலையில் சேர்ந்தார். நாளுக்கு 20 பவுண்ட் கூலி என்று பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் என்ற நான்காம் அடுக்குக் கிளப்பில் சம்பளமின்றிப் பயிற்சிக்குப் போய்வந்தார். 2001இல் அந்தக் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. இந்தத் தொழிற்சாலைச் செய்தி அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வரும். வழக்கமாக அதை அவருடைய எளிமைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சுமார் 13 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்துக்கு ஆடப்போகும் ஒரு பதினெட்டு வயதுக்காரர் சம்பளமில்லாமல் கிடைத்த நேரத்திலும், 92 லீக் கிளப்புகளில் கடைசி வரிசையில் இருந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் கதவைத் திறக்கவில்லை.

ஆடும் இடம் தெரியாத ஆண்டுகள்

மேக்கிள்ஸ்ஃபீல்டில் 44 லீக் ஆட்டங்களில் 8 கோல் அடித்தார். 2002 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் கவுன்டி 3 லட்சம் பவுண்ட் கொடுத்து அவரை வாங்கியது. மேக்கிள்ஸ்ஃபீல்டு போன்ற சிறு கிளப்புக்கு அது மிகப் பெரிய தொகை. ஸ்டாக்போர்ட்டின் மேலாளர் கார்ல்டன் பாமர். கிளப் அப்போதுதான் இரண்டாம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு இறங்கியிருந்தது, பணமும் வற்றிக்கொண்டிருந்தது.

ஸ்டாக்போர்ட்டில் மூன்று பருவங்களில் 98 லீக் ஆட்டங்கள், 18 கோல்கள். ஒரு முன்கள வீரரின் பெயருக்கு எதிரே இந்த எண்ணைப் பார்க்கும் எந்த ஆய்வாளரும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஆனால் அந்த ஆண்டுகளில் லாம்பர்ட் எப்போதும் முன்களத்தில் நிறுத்தப்படவில்லை. நல்ல தொடுதலும் நீளமான பாஸும் அவரிடம் இருந்ததால், நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையே மாற்றி மாற்றி ஆடவைக்கப்பட்டார். ஆறடிக்கு மேல் உயரமும் கனத்த உடம்பும் கொண்டவர், ஓட்டத்தில் வேகம் குறைந்தவர், ஆனால் காலில் ஒரு நடுக்கள வீரருக்குரிய நுட்பம் உள்ளவர் என்ற இந்தக் கலவையை என்ன செய்வது என்று அந்த அணிகளுக்குத் தெரியவில்லை. உயரமானவரைப் பார்த்தால் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடும் பழக்கம் கீழடுக்குக் கால்பந்தில் வேரூன்றியது. தூக்கிப் போடப்பட்ட பந்துகளுக்கு எகிறி மோதிக்கொண்டிருப்பவரின் கால்திறமை கண்ணில் படுவது கடினம்.

2005 பிப்ரவரியில் அவர் ஒரு படி இறங்கி, நான்காம் அடுக்கில் இருந்த ராச்டேலுக்குப் போனார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சரிவாகத் தெரிந்திருக்கும். உண்மையில் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது. ஸ்டீவ் பார்க்கின் மேலாளராக இருந்த அந்த அணியில் லாம்பர்ட் முழுநேர முன்கள வீரரானார். 2005–06 பருவத்தில் 46 லீக் ஆட்டங்களிலும் ஆடி 22 கோல் அடித்தார்.

அங்கே அவருக்குத் துணையாக முன்களத்தில் ஆடியவர் கிரான்ட் ஹோல்ட். 2005 பிப்ரவரி முதல் 2006 ஜனவரி வரை, ஓராண்டுக்கும் குறைவான காலம்தான் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். பின்னாளில் ஹோல்ட் நார்விச் சிட்டியோடு மூன்றாம் அடுக்கிலிருந்து பிரீமியர் லீக்குக்கு ஏறி, 2011–12 பருவத்தில் அங்கே 15 கோல் அடித்தார். அடுத்த பருவத்தில், 2012–13இல், சவுத்தாம்ப்டனோடு ஏறிவந்த லாம்பர்ட்டும் பிரீமியர் லீக்கில் அதே 15 கோல் அடித்தார். நான்காம் அடுக்கின் நடுப்பகுதியில் கிடந்த ஓர் அணியின் முன்களத்தில், பிரீமியர் லீக் தரத்துக் கோலடிப்பாளர்கள் இருவர் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் ஆடிய ஆட்டங்களை மேலடுக்குக் கிளப்புகளின் ஆட்களும் வந்து பார்த்திருப்பார்கள். ஹோல்ட்டையாவது மூன்றாம் அடுக்கில் அப்போதிருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அழைத்துக்கொண்டது. லாம்பர்ட்டுக்கு அப்படி ஓர் அழைப்பும் வரவில்லை.

பிரிஸ்டலில்

2006 ஆகஸ்ட் கடைசி நாளில், வீரர் மாற்றத்துக்கான காலக்கெடு முடியும் நேரத்தில், பிரிஸ்டல் ரோவர்ஸ் 2 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டாக்போர்ட் கொடுத்ததைவிட அவர் விலை குறைந்திருந்தது. அதுவும் நான்காம் அடுக்குக் கிளப்தான். மேலாளர் பால் ட்ரோலப், அவருக்கு மேலே அனுபவசாலியான லெனி லாரன்ஸ்.

முதல் பருவத்தில் எட்டு லீக் கோல்களே வந்தன. ஆனால் ரோவர்ஸ் ரசிகர்கள் அந்தப் பருவத்தில் அவர் அடித்த வேறொரு கோலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2007 பிப்ரவரியில், மூன்றாம், நான்காம் அடுக்குக் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியான ஃபுட்பால் லீக் டிராபியின் தென்மண்டல இறுதியில், நகரப் பகையாளிகளான பிரிஸ்டல் சிட்டியை வீழ்த்திய ஒரே கோல் அவருடையது. நேரடியாக ஏறும் இடங்களுக்கு அடுத்து நின்ற அணிகள், மீதமுள்ள ஓர் ஏற்ற இடத்துக்காக மோதும் போட்டிக்குப் பிளே-ஆஃப் என்று பெயர். மே மாதம் வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் ஷ்ரூஸ்பரியை 3–1 என்று வென்று ரோவர்ஸ் மூன்றாம் அடுக்குக்கு ஏறியது. அடுத்த பருவத்தில் 14 லீக் கோல்கள். அந்தப் பருவத்தில்தான், எல்லா அடுக்குக் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் ரோவர்ஸ் காலிறுதி வரை போனது. ஐந்தாம் சுற்றில் அவர்களைச் சந்திக்க வந்தது இரண்டாம் அடுக்கில் இருந்த சவுத்தாம்ப்டன். ஆட்டம் முடியும் தறுவாயில் லாம்பர்ட் அடித்த ஃப்ரீகிக்தான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல். தன்னைப் போட்டியிலிருந்து வெளியேற்றிய அந்த மனிதரை ஒன்றரை ஆண்டு கழித்து அதே சவுத்தாம்ப்டன் விலைக்கு வாங்கியது.

2008–09 பருவத்தில் லாம்பர்ட் 45 லீக் ஆட்டங்களில் 29 கோல் அடித்தார். ஸ்விண்டனின் சைமன் காக்ஸும் அதே எண்ணிக்கையை எட்டியதால், மூன்றாம் அடுக்கின் அதிகக் கோல் அடித்தவர் என்ற இடத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். லாம்பர்ட்டின் ஃப்ரீகிக்குகள் இக்காலத்தில் பேர்போனவை ஆயின. அரணை ஒட்டி நளினமாக வளைத்து விடுவதைவிட, பந்தின் நடுவில் முழுப் பலத்தோடு உதைத்து, கோல்கீப்பர் அசைவதற்குள் வலைக்குள் அனுப்புவதே அவர் வழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் 2009 கோடையில் பிரீமியர் லீக்கிலிருந்தோ, சாம்பியன்ஷிப்பிலிருந்தோ எந்தக் கிளப்பும் அவரை எடுக்கவில்லை. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. வயது 27. ஓட்ட வேகம் இல்லை. உடம்பு கனம். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பிரீமியர் லீக் வேகத்தை வழிபடத் தொடங்கியிருந்தது, தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் விடப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் முன்கள வீரர்களையே எல்லோரும் தேடினார்கள். 27 வயதில் வாங்கப்படும் வீரரை மறுபடி விற்று லாபம் பார்க்க முடியாது என்ற கணக்கும் இருந்திருக்கும். ஒருவரிடம் என்ன இல்லை என்று பார்க்கும் பட்டியலில் அவர் எல்லா இடத்திலும் தோற்றார். என்ன இருக்கிறது என்று பார்க்கும் பட்டியல் யாரிடமும் இல்லை.

சரிந்து விழுந்த ஒரு பெரிய கிளப்

லாம்பர்ட்டின் உயர்வுக்கு அவர் திறமை எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்குச் சவுத்தாம்ப்டனின் வீழ்ச்சியும் காரணம் என்பது என் உறுதியான கருத்து. 2005 வரை 27 ஆண்டுகள் தொடர்ந்து உச்ச அடுக்கில் ஆடிய கிளப் அது. நான்கே ஆண்டுகளில் கடனில் மூழ்கி, 2009இல் மூன்றாம் அடுக்குக்கு விழுந்தது. நிதி நெருக்கடிக்குத் தண்டனையாகப் புதிய பருவத்தைக் கழித்தல் 10 புள்ளிகளோடு தொடங்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் மார்க்குஸ் லீபர் என்ற சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர் 2009 ஜூலையில் கிளப்பை வாங்கினார். 32,000 பேர் அமரும் செயின்ட் மேரீஸ் மைதானமும், பிரீமியர் லீக் தரத்துப் பயிற்சித் திடலும், திடீரென்று கைக்கு வந்த பணமும் மூன்றாம் அடுக்கில் ஒரே இடத்தில் சேர்ந்தன. புதிய மேலாளர் ஆலன் பார்டியூ, மூன்றாம் அடுக்கில் நிரூபித்துக் காட்டிய கோலடிப்பாளர் ஒருவரைத் தேடினார். ஆகஸ்டில், பருவத்தின் முதல் ஆட்டத்தை ரோவர்ஸுக்காக ஆடி முடித்த இரண்டே நாளில், லாம்பர்ட் ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டுக்குச் சவுத்தாம்ப்டன் வந்தார்.

சவுத்தாம்ப்டன் இரண்டாம் அடுக்கிலேயே நிலைத்திருந்தால் இந்த ஒப்பந்தம் நடந்திருக்காது. சாம்பியன்ஷிப் கிளப்பாக அது வேறு வகை வீரரைத் தேடியிருக்கும். பெரிய கிளப் ஒன்று லாம்பர்ட் நின்ற தளத்துக்கே இறங்கி வந்ததால்தான், அந்தத் தளத்தின் மிகச் சிறந்த கோலடிப்பாளர் யார் என்ற எளிய கேள்வியை அது கேட்க நேர்ந்தது.

பார்டியூ செய்த முதல் வேலை லாம்பர்ட்டின் உடம்பைப் பற்றி நேராகப் பேசியதுதான். எடை அதிகம், உடல்தகுதி போதாது, இப்படியே இருந்தால் பயனில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகவும், அதுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றும் லாம்பர்ட் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். கீழடுக்குக் கிளப்புகளில் உணவுமுறைக்கும் தனிப்பட்ட உடற்பயிற்சிக்கும் ஆட்கள் கிடையாது. பத்தாண்டுத் தொழில்முறை வாழ்க்கைக்குப் பிறகு, 27ஆம் வயதில்தான் அவருக்கு முதன்முறையாக ஒரு பெரிய கிளப்பின் உடற்பயிற்சி வசதிகள் முழுமையாகக் கிடைத்தன. வேகம் குறைவு என்று மேலடுக்குகள் ஒதுக்கிய உடம்பு, யாரும் சரியாகப் பழக்கிப் பார்க்காத உடம்பாகவும் இருந்தது.

2009–10இல் 30 லீக் கோல்கள், மூன்றாம் அடுக்கில் மறுபடியும் முதலிடம். மார்ச் மாதம் வெம்ப்ளியில் 70,000 பேருக்கு மேல் கூடிய ஃபுட்பால் லீக் டிராபி இறுதியில் கார்லைல் அணியை 4–1 என்று வென்ற ஆட்டத்தில் பெனால்டி மூலம் கணக்கைத் தொடங்கியவரும் அவரே. அந்தப் பருவத்தில் சவுத்தாம்ப்டன் ஏழாம் இடத்தில் முடித்தது. கழிக்கப்பட்ட பத்துப் புள்ளிகள் இருந்திருந்தால் பிளே-ஆஃப் வாய்ப்புக் கிடைத்திருக்கும். 2010 ஆகஸ்டில் லீபர் காலமானார், அதே மாதக் கடைசியில் பார்டியூ நீக்கப்பட்டார். இத்தகைய இரட்டை அதிர்ச்சியில் பல கிளப்புகள் சிதறிப்போயிருக்கின்றன. ஆனால் பின்னர் வந்த நைஜல் ஆட்கின்ஸ் அணியைக் குலைக்கவில்லை. 2010–11இல் லாம்பர்ட்டின் 21 கோல்களோடு இரண்டாம் அடுக்கு, 2011–12இல் 27 கோல்களோடு பிரீமியர் லீக் என இரண்டு ஏற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. சாம்பியன்ஷிப்பில் தன் முதல் பருவத்திலேயே அந்த அடுக்கின் அதிகக் கோல் அடித்தவராகவும் சிறந்த வீரராகவும் அவர் தேர்வானார்.

கோல் எண்ணிக்கை மட்டும் இந்த ஆண்டுகளின் ஆட்டத்தைச் சொல்லிவிடாது. லாம்பர்ட் எதிரணியின் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. பந்து அணியின் காலில் இருக்கும்போது பத்துப் பன்னிரண்டு அடி பின்னுக்கு இறங்கி, முதுகில் தடுப்பாட்டக்காரரைத் தாங்கியபடி, வரும் பந்தை மார்பிலோ காலிலோ அடக்கி, ஓடிவரும் ஆடம் லல்லானாவுக்கோ பக்கவாட்டு வீரர்களுக்கோ ஒரே தொடுதலில் விடுவார். அவருடன் நடுத் தடுப்பாட்டக்காரரும் இழுபட்டு வந்தால் பின்னால் ஓர் இடைவெளி திறக்கும், அவர் வராமல் நின்றால் லாம்பர்ட்டுக்குத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கும். இரண்டில் எது நடந்தாலும் சவுத்தாம்ப்டனுக்கு லாபம். ஸ்டாக்போர்ட்டில் நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையே அலைக்கழிந்த ஆண்டுகளில் பழகிய பாஸ், இங்கே அவருடைய தனித்தன்மையாக மாறியது. அணியின் ஆட்டமுறை முழுவதும் அவரைச் சுற்றி அமைந்தது, வேகம் அவரைச் சுற்றி ஓடுபவர்களிடம் இருந்தால் போதும் என்றானது.

பெனால்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சவுத்தாம்ப்டனுக்காக அவர் அடித்த 34 பெனால்டிகளும் கோல் ஆயின. பெனால்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுதான் கோலாகும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்குப்படி 34இல் எட்டு ஒன்பதாவது தவறியிருக்க வேண்டும். அதுவும் இவை அடுக்கு ஏற்றமும் இறக்கமும் தொங்கிக்கொண்டிருந்த பருவங்களில், மூன்று வெவ்வேறு அடுக்குகளில், கோல்கீப்பர்கள் அவருடைய பழைய உதைகளைக் காணொளியில் படித்துவிட்டு வந்து நின்ற ஆட்டங்களில் அடிக்கப்பட்டவை. மூலையை நோக்கி அவர் அனுப்பும் பந்து, கோல்கீப்பர் சரியான பக்கம் பாய்ந்தாலும் எட்டாத வேகத்தில் போகும். இப்படி ஒரு திறமையை அளக்க ஓட்டப் பந்தயக் கடிகாரம் உதவாது.

உச்ச அடுக்கு

2012 ஆகஸ்ட் 19 அன்று நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் சவுத்தாம்ப்டனின் பிரீமியர் லீக் மறுவருகை தொடங்கியது. லாம்பர்ட் முதல் பதினொருவரில் இல்லை. அணியை இரண்டு அடுக்குகள் தூக்கிவந்தவரைக்கூட உச்ச அடுக்கில் நம்பத் தயக்கம் இருந்தது. ஒரு கோல் பின்தங்கிய நிலையில், இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கிய சில நிமிடங்களிலேயே சமன் செய்தார். சவுத்தாம்ப்டன் 2–1 என்று முன்னேறவும் செய்து, கடைசியில் 3–2 என்று தோற்றது. அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களிலும் அவர் ஆடினார். அடித்த 15 கோல்கள், அந்தப் பருவத்தில் செல்சியின் ஃபிராங்க் லாம்பார்டோடு சேர்ந்து, இங்கிலாந்து வீரர்களிலேயே அதிகமானவை.

2013 ஜனவரியில் ஆட்கின்ஸ் திடீரென்று நீக்கப்பட்டு மவுரிசியோ போச்செட்டினோ வந்தபோது, லாம்பர்ட்டின் காலம் முடிந்தது என்று கணித்தவர்கள் உண்டு. எதிரணியை அவர்கள் பகுதியிலேயே துரத்தி நெருக்கும் ஆட்டமுறை போச்செட்டினோவுடையது, பயிற்சியும் கடுமையானது. முப்பதைத் தாண்டிய கனத்த முன்கள வீரருக்கு அது ஒத்துவராது என்பதே எதிர்பார்ப்பு. அவர் அதற்கும் ஈடுகொடுத்தார். 2013–14 பருவத்தில் 13 கோல்கள் அடித்ததோடு, அணியில் மற்றவர்களுக்குப் பல கோல்களை அமைத்தும் கொடுத்தார். சவுத்தாம்ப்டன் எட்டாம் இடத்தில் முடித்தது.

அதற்கு முன் 2013 ஆகஸ்டில் தேசிய அணி அழைப்பு வந்தது. ஆகஸ்ட் 14 அன்று வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டம் 2–2 என்று நின்றபோது, 67ஆம் நிமிடத்தில் வெய்ன் ரூனி வெளியே வந்து லாம்பர்ட் உள்ளே போனார். ரூனி பதினாறு வயதிலேயே பிரீமியர் லீக்கில் கோல் அடித்தவர், அவரும் லிவர்பூல் பகுதிக்காரர், லாம்பர்ட்டைவிட மூன்று வயது இளையவர். மூன்று நிமிடத்தில் இங்கிலாந்துக்கு ஒரு கார்னர் கிடைத்தது. லெய்டன் பெய்ன்ஸ் அனுப்பிய பந்து பெனால்டி புள்ளியின் அருகே இறங்க, தடுப்பாட்டக்காரர்களுக்கு மேலே எழும்பிய லாம்பர்ட் அதைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். தேசிய அணிக்காக அவர் பந்தைத் தொட்ட முதல் தொடுதல் அது. இங்கிலாந்து 3–2 என்று வென்றது. செப்டம்பரில் மால்டோவாவுக்கு எதிராகத் தொடக்கம் முதல் ஆடி இன்னொரு கோல் அடித்தார். மொத்தம் 11 ஆட்டங்கள், மூன்று கோல்கள். 2014 உலகக் கோப்பை அணியிலும் இடம்பெற்றார், ஆனால் அங்கே உருகுவேக்கு எதிராகக் கடைசி சில நிமிடங்களே ஆடக் கிடைத்தது.

வாங்கப்பட்ட பிறகு

2014 ஜூனில் லிவர்பூல் ஏறக்குறைய 40 லட்சம் பவுண்ட் கொடுத்து லாம்பர்ட்டை வாங்கியது. பதினைந்து வயதில் தன்னை அனுப்பிவிட்ட, சிறுவயது முதல் தான் நேசித்த கிளப்புக்கு 32ஆம் வயதில் திரும்பினார். செய்தித்தாள்கள் அதை மகிழ்ச்சியான முடிவாக எழுதின. அவருக்கும் அது வாழ்நாள் ஆசை நிறைவேறிய நாள்தான், அதில் சந்தேகமில்லை. ஆட்டத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால், நான் அதை இந்த வரலாற்றின் மிகத் தவறான பொருத்தமாகவே கருதுகிறேன்.

பிரெண்டன் ராஜர்ஸின் லிவர்பூல் அதற்கு முந்தைய பருவத்தில் லூயிஸ் சுவாரஸ், டேனியல் ஸ்டரிட்ஜ், ரஹீம் ஸ்டெர்லிங் ஆகியோரின் வேகத்தால் இரண்டாம் இடம் பிடித்த அணி. லாம்பர்ட் அங்கே மாற்று வீரராக, ஆட்டம் சிக்கும்போது கடைசி நேரத்தில் இறக்கும் ஆயுதமாகவே வாங்கப்பட்டார். பிறகு சுவாரஸ் பார்சிலோனாவுக்குப் போனார், ஸ்டரிட்ஜ் செப்டம்பரிலேயே காயமடைந்தார். துணைக்கு வாங்கிய வீரரை முதன்மை வீரராக நிறுத்த வேண்டிய நிலை வந்தது. ஆட்டமுறையோ மாறவில்லை. சவுத்தாம்ப்டனில் பந்து அவர் காலுக்கு வந்தது, மற்றவர்கள் அவரைக் கடந்து ஓடினார்கள். லிவர்பூலில் அவரே ஓட வேண்டும் என்று ஆட்டம் கேட்டது. 25 லீக் ஆட்டங்களில், பெரும்பாலும் மாற்று வீரராக, இரண்டு கோல்கள். ஐரோப்பியக் கிளப்புகளின் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் பல்கேரியாவின் லூடோகொரெட்ஸுக்கு எதிராக ஒன்று.

இந்தச் சரிவுக்கு வயதை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. வயது ஒரு காரணம்தான். ஆனால் மே மாதம் வரை பிரீமியர் லீக்கில் 13 கோல் அடித்தவர் ஆகஸ்டில் ஆட்டத்தை மறந்துவிடுவதில்லை. ஸ்டாக்போர்ட்டில் 98 ஆட்டங்களில் 18 கோல் அடித்தவரும், ராச்டேலில் 64 ஆட்டங்களில் 28 கோல் அடித்தவரும், சவுத்தாம்ப்டனில் 207 ஆட்டங்களில் 106 கோல் அடித்தவரும், லிவர்பூலில் 25 ஆட்டங்களில் இரண்டே கோல் அடித்தவரும் ஒரே மனிதர். அணி அவரை எங்கே நிறுத்தியது, பந்தை எப்படிக் கொடுத்தது என்பதைப் பொறுத்தே இந்த எண்கள் இவ்வளவு விலகிப் போயின. ஸ்டாக்போர்ட்டின் எண்ணைப் பார்த்து அவரை ஒதுக்கியவர்களும், சவுத்தாம்ப்டனின் எண்ணைப் பார்த்து அவரை வாங்கியவர்களும் ஒரே தவற்றைச் செய்தார்கள். எண்ணிக்கையை வீரரின் சொந்த உடைமை என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன.

லாம்பர்ட் தனி விதிவிலக்கு என்றும் ஒதுக்க முடியாது. ஹோல்ட் நார்விச்சோடு ஏறினார். ஜேமி வார்டி லீக்குக்கு வெளியே இருந்த ஃபிளீட்வுட்டிலிருந்து 2012இல் லெஸ்டருக்கு வந்தபோது லெஸ்டர் இரண்டாம் அடுக்கில்தான் இருந்தது, அதனோடு ஏறித்தான் 2016இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றார். க்ளென் மரே கிரிஸ்டல் பேலஸோடு ஒருமுறையும் பிரைட்டனோடு ஒருமுறையும் ஏறியவர். கீழடுக்குகளில் பெயரெடுத்துப் பிரீமியர் லீக்கில் நிலைத்த இந்தத் தலைமுறைக் கோலடிப்பாளர்கள் பெரும்பாலும் தம் கிளப்பின் முதுகில் ஏறியே அங்கே சென்றார்கள். தடுப்பு எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. மூன்றாம் அடுக்குக் கோலைப் பிரீமியர் லீக் கோலாக மாற்ற முடியாது என்ற நம்பிக்கை, மாற்றிக் காட்டும் வாய்ப்பையே மறுத்துவந்தது. அந்த நம்பிக்கையைக் கேட்டு அனுமதி வாங்கத் தேவையில்லாதவர்கள் மட்டுமே அதைப் பொய்யாக்க முடிந்தது.

2015இல் லாம்பர்ட் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்குப் போனார். டோனி பியூலிஸின் அணியில் 19 லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் வரவில்லை. 2016 ஆகஸ்ட் கடைசி நாளில் இரண்டாம் அடுக்கில் இருந்த கார்டிஃப் சிட்டி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே மேலாளராக இருந்தவர், பத்தாண்டுகளுக்கு முன் இதே தேதியில் அவரை வாங்கிய பிரிஸ்டல் ரோவர்ஸின் அப்போதைய மேலாளர் பால் ட்ரோலப். தனக்குத் தெரிந்த வீரரை நம்பி எடுத்த ட்ரோலப் அக்டோபர் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார், நீல் வார்னாக் வந்தார். கார்டிஃபில் 18 லீக் ஆட்டங்கள், நான்கு கோல்கள். அடுத்த கோடையில் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. 2017 அக்டோபரில், 35ஆம் வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக லாம்பர்ட் அறிவித்தார்.